மலைமேல் ஃபைபர் வேலை: பாலியெஸ்டரா, எபாக்ஸியா, கார்பனா, இல்லை கோவையில் கொடுத்துவிடலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி தன் பழைய ஜீப்பின் பானட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முன் ஓரம் முழுக்கத் துரு தின்று, விரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்குகிற நிலை. "அண்ணா, ஃபைபர்ல நாமே போட்டுடலாம்னு இருக்கேன். பாலியெஸ்டரா, எபாக்ஸியா? கார்பன்ல போட்டா வெயிட்டே இருக்காதாமே?" என்று கேட்டிருந்தார். அதே வாரம் லவ்டேலில் இருந்து ஓர் அக்கா, ஆம்னி வேனின் உடைந்த டேஷ்போர்டுக்குப் பதில் புதிதாக ஒன்று செய்ய எது நல்லது என்று கேட்டார். இருவருக்கும் நான் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் இப்போது எப்படி இருக்கிறது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைகிறது. ரெசின் (கண்ணாடி இழையில் பூசி இறுகவைக்கிற பிசின்; பாலியெஸ்டர், எபாக்ஸி எல்லாம் இதன் வகைகள்) டப்பாவில் அச்சடித்திருக்கிற கலவை அளவும் காயும் நேரமும் பெரும்பாலும் 25 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் தானாக ஊற்றுகிற அறைதான் ரெசினுக்கும் ஏற்ற அறை. அப்படி ஓர் அறை ஊட்டியில் வருஷத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். யூடியூபில் செய்து காட்டுகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

குன்னூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் செய்து கெடுத்ததையும் செய்து பிழைத்ததையும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் அறையின் சூடு. இரண்டாவது ஈரம். கூடலூர், ஊட்டி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் என்று மாற்றி மாற்றி மழையும் மூடுபனியும் நிற்கும். துணி காயாத நாளில் ரெசினும் ஒழுங்காக இறுகாது.

மூன்றாவதுதான் பலரும் மறப்பது: அந்தப் பாகம் கீழே இறங்குமா? நம் வண்டிகள் மலையிலேயே இருப்பதில்லை. காய்கறி மண்டிக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் போகும். 15 டிகிரியில் பிறந்த பாகம் மதியம் 38 டிகிரி வெயிலில் நிற்கும். அடர் நிறப் பெயின்ட் அடித்த பானட்டின் தோல் வெயிலில் 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். திரும்பி வரும்போது பர்லியாரிலிருந்து லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தால் அடியிலிருந்து இன்ஜின் சூடும் சேரும்.

அப்புறம் எத்தனை பீஸ் தேவை, வீட்டில் யார் இருக்கிறார்கள் (குழந்தை, ஆஸ்துமாக்காரர், மூக்கு கூர்மையான மாமியார்), எவ்வளவு பணம் என்பது.

எடையை நான் கடைசியில் வைப்பேன். காரணம் ஒரு சின்னக் கணக்கு. 0.8 மி.மீ இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ. 3 மி.மீ பாலியெஸ்டர் ஃபைபர் சுமார் 4.4 கிலோ. மிச்சம் இரண்டு கிலோ. ஒரு பை கேரட். மலையில் ஃபைபரின் உண்மையான லாபம் எடை இல்லை, துருப்பிடிக்காதது. மூடுபனியில் வருஷம் முழுக்க நனைகிற ஜீப்புக்கு அதுதான் பெரிய விஷயம். ஆனால் ஃபைபரை இரும்பில் போல்ட் போட்டு இறுக்குகிற இடத்தில் நடுவில் தண்ணீர் தங்கினால் இரும்பு முன்னைவிட வேகமாகப் போகும். ரப்பர் வாஷர் போடாமல் இறுக்காதீர்கள்.

இன்னொன்று. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது. மெல்லிய கார்பனைவிடத் தடித்த பாலியெஸ்டர் ஆடாமல் நிற்பது இதனால்தான்.

## பாலியெஸ்டரும் மேட்டும்

கடையில் "ஃபைபர் வேலை" என்று சொன்னாலே கையில் கொடுப்பது இதைத்தான்: பாலியெஸ்டர் ரெசின், அதை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட், அந்த வேலையை வேகப்படுத்துகிற கோபால்ட், சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் மேட் (நறுக்கிய கண்ணாடி இழையைப் பாய் மாதிரி ஒட்டியது). தண்ணீர்த் தொட்டியிலிருந்து பேருந்தின் முன்முகம் வரை இதில்தான் செய்கிறார்கள். 1953-ல் வந்த ஷெவர்லே கார்வெட்டின் உடல் கண்ணாடி இழைதான். 1980களில் பெங்களூரில் செய்த சிபானி டால்பினும் ஃபைபர் உடல்தான். ஆகவே "சீப்பான சரக்கு, காருக்கு ஆகாது" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

இதன் பெரிய நல்ல குணம், மேட் ரெசினில் நனைந்ததும் துவண்டுவிடும். நறுக்கிப் போட்ட இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசை, ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைந்துவிடுகிறது. ஊறவைத்த அவல் மாதிரி எந்த மூலையிலும் உட்காரும். டேஷ்போர்டு மாதிரி மேடு பள்ளம் நிறைந்த பாகத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. 450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ தடிமன் கொடுக்கும். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும்.

இரண்டாவது நல்ல குணம், கேட்டலிஸ்ட் அளவைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். கிலோவுக்கு 10 கிராம் என்பது வெயில் நாளுக்கு, 20 கிராம் குளிர் நாளுக்கு. குளிர்மலைக்காரனுக்கு இது வரம். ஆனால் வரத்துக்கு எல்லை உண்டு. அதை நான் ஒரு ஜூலை மாதம் கற்றுக்கொண்டேன்.

கொட்டகையில் 14 டிகிரி. மட்கார்டு ஒன்றுக்கு மூன்று அடுக்கு போட்டாயிற்று. இரண்டு மணி நேரம் ஆகியும் ரெசின் அசையவில்லை. தேன் மாதிரி சரிந்து மோல்டின் (அச்சின்) அடியில் தேங்க ஆரம்பித்தது. பொறுமை போய், அடுத்த கப்பில் கேட்டலிஸ்டை இரண்டு மடங்கு ஊற்றி, மேலே பூசி, கோழிக்குஞ்சுக்கு வைக்கிற சிவப்பு விளக்கு இரண்டைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டது. மிச்சம் வைத்திருந்த கப் கையில் பிடிக்க முடியாத சூட்டில் புகைந்தது. மோல்டில் படக் என்று ஒரு சத்தம். பாகத்தின் ஓரம் உள்நோக்கி இழுத்துக்கொண்டு, ஜெல்கோட்டில் (மோல்டில் முதலில் பூசுகிற வெளித்தோல் ரெசின்) சிலந்தி வலை மாதிரி விரிசல். பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் 7 சதவீதம் வரை சுருங்கும். அவசரப்படுத்தினால் அந்தச் சுருக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும்.

குளிரில் சரியான வழி அறையையும் மோல்டையும் முதல் நாள் இரவிலிருந்தே சூடாக்குவது. மூடிய ரெசின் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் வையுங்கள். 18 டிகிரிக்குக் கீழே நான் இப்போது மேட்டைத் தொடுவதே இல்லை.

சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. ரெசின் வேலையில் வேண்டவே வேண்டாம். ஸ்டைரீனும் பிரஷ் கழுவுகிற அசிட்டோனும் நெருப்பைத் தேடிப் போகிற ஆவிகள். கதவைச் சாத்திய அறையில் கரிப்புகையே ஆளைக் கொல்லும், அது வேறு. விளக்கு, ஹீட்டர் எதுவானாலும் அறையை முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, ஆவி கிளம்புகிற நேரத்தில் அணைத்துவிடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

கோபால்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. வெடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசின் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

மறைந்திருக்கிற செலவு என்று பார்த்தால் முதலில் மோல்டு. பாகத்தைவிட மோல்டு தடிமனாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பானட்டுக்கு மோல்டு எடுத்தால், போடுகிற ரெசினில் பாதிக்கு மேல் மோல்டுக்கே போய்விடும். மோல்டு எடுக்கும் முன் அந்தத் துருப்பிடித்த பானட்டைப் பட்டி போட்டு, எமரி தாளால் தேய்த்து, பாலிஷ் வரை கொண்டுவர வேண்டும். மேலே உள்ள குழியெல்லாம் அப்படியே அச்சில் விழும். அடுத்து வேக்ஸ், புது மோல்டுக்கு ஐந்தாறு கோட்டு. அதன் மேல் பிவிஏ, பாகம் மோல்டில் ஒட்டாமல் கழன்று வருவதற்கான படலம். இது தண்ணீர் ஆவியாகிக் காய்கிற சரக்கு. சமவெளியில் 20 நிமிடம் என்றால் மூடுபனி நாளில் மதியம் வரை ஈரமாகவே இருக்கும். காய்ந்துவிட்டது என்று நினைத்து ஜெல்கோட் அடித்தால் தோல் சுருங்கி முதலைத்தோல் ஆகும். ஜெல்கோட்டே மெல்லிதாகப் போனாலும், முழுசாக இறுகும் முன் மேட் போட்டாலும் அதே முதலைத்தோல்தான்.

கப் விஷயமும் ஒன்று. மெல்லிய டிஸ்போசபிள் கப்பில் ஊற்றினால் ஸ்டைரீன் கப்பையே கரைத்துவிடும். நீலகிரியில் அந்தக் கப்புக்குத் தடை இருப்பது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. தயிர் டப்பாவைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச ரெசின் இறுகியதும் டப்பாவை அமுக்கினால் கட்டியாகத் தெறித்து வரும். டப்பா மறுபடி உதவும், தயிருக்கு இல்லை.

நாற்றம்? இரண்டு நாள் வீடு முழுக்க. அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

## எபாக்ஸியும் கண்ணாடித் துணியும்

எபாக்ஸி பாலியெஸ்டரைப் போல் மூன்று நான்கு மடங்கு விலை. நாற்றம் குறைவு, சுருக்கமும் ஒன்றிரண்டு சதவீதம்தான். பிடிப்பு அபாரம்: இரும்பு, மரம், பழைய ஃபைபர் எதன் மேலும் ஒட்டும். உடைந்த பாகத்தை ஒட்டுவதற்கும், ஓட்டையை மூடுவதற்கும் நான் இதைத் தவிர எதையும் எடுப்பதில்லை. இன்னொரு வசதி, தெர்மக்கோலைச் செதுக்கி அதன் மேல் நேராகப் பூசலாம். பாலியெஸ்டர் பட்டால் தெர்மக்கோல் சர்க்கரைப் பாகில் விழுந்த பஞ்சு மிட்டாய் மாதிரி கரைந்துபோகும்.

ஆனால் மேட்டை எபாக்ஸியோடு சேர்க்காதீர்கள். மேட்டில் உள்ள பசை கரைய ஸ்டைரீன் வேண்டும். எபாக்ஸியில் அது இல்லை. மேட் விறைப்பாகவே நின்று, அடியில் காற்றுக் குமிழி தங்கும். நெய்த துணிதான் வேண்டும். துணியோ கூர்மையான மூலையில் உட்காராது. ஓரங்களை உருட்டிவிட வேண்டும். 200 கிராம் துணி ஒரு அடுக்குக்குக் கால் மி.மீ கூட வராது. 3 மி.மீ வேண்டுமென்றால் பன்னிரண்டு அடுக்குக்கு மேல், அத்தனைக்கும் துணி வெட்டி வைக்க வேண்டும்.

கலவையில் இது கறார்ப் பேர்வழி. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எல்.ஒய். 556 ரெசினுக்கு எச்.ஒய். 951 ஹார்டனர் (எபாக்ஸியை இறுகவைக்கிற சரக்கு) 100-க்கு 10 எடை. குளிராக இருக்கிறதே என்று ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகாது, கடைசி வரை ரப்பராகவே கிடக்கும். பாலியெஸ்டர் பழகிய கை இங்கேதான் ஏமாறும். அரை கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று கட்டாயம். கலக்கியதைக் கப்பில் அப்படியே வைத்தாலும் தானே சூடேறிக் கெட்டியாகும். அகலமான தட்டில் பரப்பி வையுங்கள்.

ஈரமான குளிரில் எபாக்ஸி இன்னொரு சேட்டை செய்யும். மறுநாள் காலையில் தொட்டால் மெழுகு தடவின மாதிரி வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். காற்றில் உள்ள ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து செய்கிற வேலை அது. நல்ல பளபளப்பு என்று நினைத்து அதன் மேல் அடுத்த அடுக்கோ பெயின்டோ போட்டால் ஆறு மாதத்தில் தோலுரியும். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கிற நாரும் போட்டுக் கழுவி, காயவிட்டு, எமரி தேய்த்த பிறகே அடுத்தது.

எபாக்ஸி மலைக்காரர்களைக் கவிழ்ப்பது வேறு இடத்தில். சாதாரண அறையில் இறுகிய எபாக்ஸி, தான் இறுகிய சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான சூடு வரைதான் கெட்டியாக நிற்கும். ஊட்டியில் ஜனவரி மாதம் ஒரு நண்பருடைய கொட்டகையில் பானட்டின் மேல் வைக்கிற காற்றுக் கூடு ஒன்று செய்தோம். கல் மாதிரி இருந்தது. தட்டினால் டங் என்று சத்தம். கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டினோம். மேட்டுப்பாளையத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், வெந்நீர் பட்ட வாழையிலை மாதிரி முன்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்ட தயிர்சாதத்துக்கு நானே பணம் கொடுத்தேன்.

இதற்கு மருந்து மறுபடி சூடேற்றுவது. மோல்டிலிருந்து கழற்றாமல், மெதுவாக 60 டிகிரி வரை கொண்டுபோய் ஐந்தாறு மணி நேரம் வைத்தால் தாங்கும் சூடு கணிசமாக ஏறும். தகரப் பெட்டியும் விளக்குகளும் வைத்து வீட்டிலேயே செய்யலாம். இந்தப் பெட்டிச் செலவையும் கரன்ட் செலவையும் எபாக்ஸி விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கையுறை இல்லாமல் எபாக்ஸி தொடாதீர்கள். பல வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று தோல் ஒவ்வாமை வரும். வந்தால் போகாது. அப்புறம் வெயில். மலை குளிர்தானே என்று நினைக்கிறோம், ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. பெயின்டோ கிளியர் கோட்டோ இல்லாத எபாக்ஸி இங்கே சீக்கிரம் மஞ்சளாகும்.

## கார்பன்

கேட்பவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் ஏற்கெனவே இதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், நான் தலையாட்டினால் போதும். கார்பன் இழை கண்ணாடி இழையைவிட எடை ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு, விறைப்பு மூன்று மடங்கு. அது உண்மை. 1981-ல் மெக்லாரன் தன் எம்.பி.4/1 பந்தயக் காரின் உடற்கூட்டைக் கார்பனில் செய்தது. ஆனால் அது அழுத்தமும் சூடும் கொடுக்கிற பெரிய குக்கர் மாதிரியான கலனில் (ஆட்டோகிளேவ்) வெந்த சரக்கு. நாம் கொட்டகையில் பிரஷ் வைத்துப் பூசுவதில் ரெசின் கூடுதலாகத் தங்கி, அந்த லாபத்தில் பாதியைத் தின்றுவிடும்.

நியாயமாகச் செய்வதென்றால் வேக்யூம் பை வேண்டும். பாகத்தின் மேல் பிளாஸ்டிக் பை ஒட்டி, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்று பாகத்தை அமுக்கும். பம்ப், பை, ஒட்டுகிற டேப், உறிஞ்சு துணி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு. பையும் துணியும் ஒருமுறைதான் உதவும்.

முதல்முறை வேக்யூம் போட்டபோது அரை நாள் வீணாக்கினேன். மீட்டரில் 29 அங்குலம் (பாதரசக் கணக்கில்) வரை போக வேண்டும் என்று படித்திருந்தேன். என் முள் 23-ஐத் தாண்டவே இல்லை. பை ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினேன், டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினேன், பம்ப் விற்றவருக்குப் போன் போட்டுச் சண்டையே போட்டேன். பம்பில் கோளாறு இல்லை. கடல்மட்டத்தில் காற்று 760 மி.மீ பாதரசம், அதாவது 30 அங்குலம். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் அது 600-ஐ ஒட்டித்தான் (23 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்) இருக்கிறது, ஊட்டியில் 580. இல்லாத காற்றை எந்தப் பம்பும் உறிஞ்சாது. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். சமவெளியில் சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கு மேல் அமுக்குகிற காற்று, ஊட்டியில் எட்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக அமுக்கும். வேலைக்கு அது போதும். மீட்டரைப் பார்த்துப் பதறாமல் இருந்தால் சரி.

கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியத்தோடு நேராகத் தொட்டு, நடுவில் ஈரமும் இருந்தால் அலுமினியம் அரிக்கும். மூடுபனி ஊரில் ஈரத்துக்குப் பஞ்சம் இல்லையே. நடுவில் ஒரு அடுக்குக் கண்ணாடித் துணி வைத்துவிடுங்கள். அறுக்கும்போது பறக்கிற தூள் கிரைண்டருக்குள் போனால் ஷார்ட் ஆகும்.

அழகுக்காக மட்டும் என்றால் இன்னொரு வழி: நல்ல நிலையில் இருக்கிற பாகத்தின் மேல் ஒரே ஒரு அடுக்குக் கார்பன் துணி ஒட்டி, கிளியர் கோட் அடிப்பது. கியர் பக்கப் பலகை, மிரர் மூடி மாதிரி சின்னப் பாகங்களுக்குப் பரவாயில்லை. எடை குறையாது, கூடத்தான் கூடும். மனசு நிறையும் என்றால் அதுவும் ஒரு காரணம்தான்.

## வினைல் எஸ்டர்

நடுவில் நிற்கிற சரக்கு. பாலியெஸ்டர் மாதிரியே கேட்டலிஸ்ட் போட்டு இறுகும், மேட்டோடு ஒத்துப்போகும், சூடு அதைவிட நன்றாகத் தாங்கும். விலை கூடுதல், டப்பாவில் அதிக நாள் கெடாமல் இருக்காது. இன்ஜின் சூடு படுகிற பானட்டுக்கு நல்லது. கோவைக்குப் போகிற அன்றைக்கே தேவையான அளவு மட்டும் வாங்கி, அந்த மாதமே தீர்த்துவிட முடிந்தால் வாங்கலாம்.

## கோவையில் கொடுப்பது, இல்லை பழைய பாகம் வாங்குவது

செய்யாமல் இருப்பதும் ஒரு வழி என்பதை நம்மில் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. கோவையில் ஃபைபர் பட்டறைகள் உண்டு, கரூரில் பேருந்துக்கு முகம் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் அறையில் தேங்காய் எண்ணெய் உறைவதில்லை. ஓடுகிற மாடலுக்கு மோல்டும் கையில் இருக்கும். ஒரு பீஸ் மட்டும் வேண்டும் என்றால் நீங்கள் மோல்டுக்குச் செலவழிக்கிற பணத்துக்குள் முடிந்துவிடலாம்.

ஆனால் அளவு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரு பட்டறையில் ஜீப் பானட் வாங்கிக்கொண்டு வந்தேன். கீல் துளை இரண்டும் விரற்கடை தள்ளி இருந்தது, உட்புறம் விறைப்புக்கு ஒரு விலா எலும்பு கூட இல்லை. கையில் அழுத்தினால் முறம் மாதிரி ஆடியது. திருப்பிக் கொண்டுபோக பஸ்ஸில் ஏற்றவில்லை, பிக்கப் வாடகை பாகத்தின் விலையில் கால்வாசி. பழைய பாகத்தையே கையோடு கொண்டுபோய், மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பழைய இரும்புக் கடையில் நல்ல பானட் கிடைத்தால், டிங்கரிங் செலவோடு சேர்த்தும் சில நேரம் அதுதான் மலிவு. ஃபைபர் ஆசைக்காரனான நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

| | பாலியெஸ்டர் + மேட் | எபாக்ஸி + துணி | கார்பன் + வேக்யூம் | வெளியே கொடுப்பது |
|---|---|---|---|---|
| 18 டிகிரிக்குக் கீழே | அறையைச் சூடாக்காமல் தொட வேண்டாம் | மிக மெதுவாக இறுகும், கலவையை மாற்றக் கூடாது | எபாக்ஸி போலவே | கவலை இல்லை |
| ஈரம் | பிவிஏ காயாது, ஜெல்கோட் சுருங்கும் | மேலே மெழுகுப் படலம் | பைக்குள் படலம் குறைவு | கவலை இல்லை |
| மேட்டுப்பாளையம் வெயில் | பரவாயில்லை | சூடேற்றாவிட்டால் தொங்கும் | சூடேற்றாவிட்டால் தொங்கும் | கேட்டு வாங்க வேண்டும் |
| மேடு பள்ள வடிவம் | மிக நல்லது | கூர் மூலை வராது | கூர் மூலை வராது | மோல்டு இருந்தால் சரி |
| நாற்றம் | கடுமை | குறைவு | குறைவு | இல்லை |
| மறைந்த செலவு | மோல்டு, வேக்ஸ், அசிட்டோன் | தராசு, சூட்டுப் பெட்டி | பம்ப், பை, கெட்டுப்போன முதல் இரண்டு பீஸ் | பிக்கப் வாடகை, அளவுத் தகராறு |

## யாருக்கு எது

லவ்டேல் அக்காவுக்குப் பாலியெஸ்டரும் மேட்டும்தான். டேஷ்போர்டு வளைவுகளுக்கு வேறு எதுவும் இவ்வளவு சுலபமாக உட்காராது. ஆனால் பிப்ரவரி, மார்ச் வரை பொறுக்கச் சொன்னேன். அந்த மாதங்களில் பகல் வெயிலும் காய்ந்த காற்றும் ஒன்றாகக் கிடைக்கும். கொட்டகையில் செய்து, முழுக்க இறுகி நாற்றம் போன பிறகு வண்டியில் மாட்டட்டும். கண்ணாடிக்கு அடியில் வெயில் படுகிற பாகம், அரைகுறையாக இறுகினால் கோடை முழுக்க வண்டிக்குள் ஸ்டைரீன் வாசனை வரும்.

கோத்தகிரித் தம்பிக்கு முதல் பதில்: கார்பனை மறந்துவிடு. அவருக்கு ஒரே பானட், ஜீப் பானட் பெரும்பாலும் தட்டையான வடிவம், பழைய பாகம் அப்படியே அச்சுக்கு ஆகிற நிலையில் இல்லை. ஆகவே கோவையில் மோல்டு இருக்கிற பட்டறையில் விசாரிப்பதுதான் என் முதல் யோசனை. அவர் கேட்கவில்லை. "நானே செய்யணும் அண்ணா, அதுக்குத்தானே கேக்கறேன்" என்றார். சரி, அப்படியென்றால் வினைல் எஸ்டர், 450 மேட் மூன்று அடுக்கு, அடியில் பெட்டி வடிவ விலா நான்கு. பானட் பூட்டை மட்டும் நம்பாமல் இருபக்கமும் பானட் பின் (பூட்டு ஊசி) போடச் சொன்னேன். காட் ரோட்டில் பானட் எழும்பிக் கண்ணாடியில் அறைந்தால் அப்புறம் எந்த ரெசின் என்பது முக்கியமில்லை.

நாலைந்து ஜீப் வைத்திருக்கிற எஸ்டேட்காரர் என்றால் கணக்கே வேறு. நான்கு மட்கார்டு, நான்கு பானட் என்று வரும்போது மோல்டுச் செலவு பங்கு போட்டுக்கொள்ளும். பாலியெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். உடைந்ததை ஒட்டுவது மட்டும் என்றால் எபாக்ஸி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பம்பரின் வெளித் தோலைச் செய்யலாம், அதற்குப் பின்னால் இருக்கிற இரும்புக் குறுக்குச் சட்டத்தை ஃபைபரில் மாற்ற நினைக்கவே வேண்டாம். சீட் தாங்கி, ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டது, சஸ்பென்ஷன் எதுவும் வீட்டு வேலை இல்லை. திறந்த ஜீப்புக்குக் கெட்டிக் கூரை போடுகிறவர்கள் ஆர்.சி.யையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

கடைசியாகத் தம்பி கேட்டது, பானட்டை இறுகிய பின் சூடேற்றச் சூட்டுப் பெட்டி செய்ய இடமும் இல்லை, காசும் இல்லை, என்ன செய்வது என்று. என் வழியைச் சொன்னேன். இறுகிய பானட்டை மோல்டோடு சாக்கில் சுற்றி, மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகிற பிக்கப்பில் முட்டைக்கோஸ் மூட்டைக்கு மேல் கட்டி அனுப்புவேன். மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டு மொட்டை மாடியில், கறுப்புத் தார்ப்பாய்க்கு அடியில், ஏப்ரல் மாதத்தில் இரண்டு பகல். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், தார்ப்பாய்க்குள் 58 காட்டியது. சித்தி போனில் கேட்டது ஒன்றுதான்: "பக்கத்துல வடாம் காய வைக்கலாமாடா?" ஒரு ஆள் நீளம் தள்ளி வைக்கச் சொன்னேன்.